திருப்புறம்பியம் ஒரு நாள் வேன் பயணம்: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம். கீழே எத்தனை குறை சொன்னாலும் என் பதில் இதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் பயணம் இது. தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம் என்று எல்லாரும் போகும் தடத்தை விட்டுவிட்டு, சோழர்கள் ஒன்றுமில்லாமல் கிடந்து மறுபடி தலையெடுத்த காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாகேசுவரன் கோயில், இன்னம்பூர், திருப்புறம்பியம், அங்கேயிருக்கும் பள்ளிப்படை (இறந்த அரசனைப் புதைத்த இடத்தில் எழுப்பிய கோயில்), கொள்ளிடக் கரை, சாப்பாடு, பழையாறை. ஆளுக்கு 1,100 ரூபாய். காலை டிபனும் மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். மகாமகக் குளத்துக்கரையில் ஏழு மணிக்கு ஏற்றிக்கொள்கிறார்கள்.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு எடுப்பவள். விஜயாலயன் சுமார் 850இல் முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பிடித்தான் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பிலேயே 985இல் பட்டமேறிய ராஜராஜனுக்குப் போய்விடுவோம். பாடத்திட்டம் அப்படி. நடுவில் இருக்கும் நூற்று முப்பது சொச்சம் வருடத்தில்தான் எல்லாமே நடந்திருக்கிறது, அதைச் சொல்ல வகுப்பில் நேரமே இருப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு வெகுநாளாக உண்டு. இந்தப் பயணத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் கிளம்பியதற்கு அதுதான் காரணம்.

வழிகாட்டியாக வந்த தம்பி கல்வெட்டியல் படித்தவர். நாகேசுவரன் கோயில் வாசலில் எல்லாரையும் நிறுத்தி, "சோழன்னு சொன்னதும் புலிக்கொடி, கப்பல், யானைப்படைன்னு மனசுல ஓடும். அதையெல்லாம் வேன்லயே விட்டுட்டு வாங்க. இன்னிக்கு நாம பார்க்கப்போற சோழன்கிட்ட அது எதுவுமே கிடையாது" என்றார். அந்த நிமிடமே எனக்குப் பிடித்துப்போயிற்று. கரிகாலன் காலத்துக்குப் பிறகு களப்பிரர் வந்தார்கள். அப்புறம் வடக்கே பல்லவர், தெற்கே பாண்டியர் என்று இரண்டு பெரிய கைகள் காவிரி நாட்டை மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருந்தன. உறையூர், பழையாறைப் பக்கம் சோழக் குடும்பம் பேருக்கு இருந்தது; பெரியவர்களுக்கு அடங்கி நடந்தது. ஐந்நூறு வருடத்துக்கு மேல் இந்தக் கதைதான். தஞ்சையைப் பிடித்த விஜயாலயனும் பல்லவனுக்குக் கீழ்ப்பட்டவன்தான். இதைப் பத்து நிமிடத்தில், ஒரு பெயர்கூடக் குழப்பாமல் சொல்லி முடித்தார்.

நாகேசுவரன் கோயிலை ஏன் முதலில் வைத்தார்கள் என்பது உள்ளே போனபிறகு புரிந்தது. விஜயாலயன் மகன் முதலாம் ஆதித்தன் காலத்துக் கோயில் அது, சோழர்களை மறுபடி தலையெடுக்க வைத்த திருப்புறம்பியம் போருக்குப் பிந்தைய சில வருடங்களைச் சேர்ந்தது. ஜெயித்த கை என்ன செய்தது என்பதை முதலில் காட்டிவிட்டு, ஜெயித்த இடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். சுவர் மாடங்களில் இடுப்பை ஒசித்து நிற்கும் பெண்ணுருவங்களை எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, தம்பி குனிந்து அடிப்பகுதியைக் காட்டினார். கையகலக் கற்களில் ராமாயணம்! டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். தட்டையாகத் தெரிந்த கல்லில் சட்டென்று நிழல் விழுந்து, வில்லும் அதைப் பிடித்த விரலும் தனித்தனியாக எழும்பி வந்தன. என் அம்மா தரையில் உட்கார்ந்தே விட்டாள். "இத்தனூண்டு கல்லுல இவ்வளவு பொறுமையா யாரு செதுக்குனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவசரப்படுத்தாமல் அம்மாவோடு கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக விளக்கினார் அந்தத் தம்பி. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இடறியது அதற்குப் பிறகுதான். டிபனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பயணத்தின் முக்கியமான இடத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் இட்லிக்குப் போகலாமா? இன்னம்பூரில் எழுத்தறிநாதரைத் தரிசனம் பண்ணி, தூங்கானை மாட விமானத்தை ஓர் எட்டு பார்த்துவிட்டு ஓடினோம். யானை படுத்திருப்பதுபோன்ற பின்பக்கத்தை ஒரு சுற்று நிதானமாக வந்து பார்க்க விடவில்லை. கும்பகோணத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்திலிருக்கும் திருப்புறம்பியத்துக்குப் போய்ச் சேரும்போது நடை சாத்த அரை மணிதான் பாக்கி.

சாட்சிநாதர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குச் சிவனே சாட்சி சொன்ன கதையும், பிரளயம் காத்த விநாயகரும் ஊருலகத்துக்குத் தெரிந்ததுதான். விநாயக சதுர்த்தி இரவில் மட்டும் தேனாபிஷேகம், ஊற்றுகிற தேனையெல்லாம் அவரே உறிஞ்சிக்கொள்வார் என்பார்கள். அம்மா அந்தச் சந்நிதியை விட்டு நகரவே இல்லை. அர்ச்சகர் பொறுமையாகக் கதை சொன்னார். ஆனால் சுவர்களையும் கல்வெட்டுகளையும் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது சொற்ப நேரம். பதினொரு நூற்றாண்டு தாண்டி நிற்கிற சுவரை அரை மணியில் யாரால் பார்க்க முடியும்? காலையில் முதலில் இங்கே வந்துவிட்டு, நாகேசுவரனைச் சாயங்காலம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காது.

இனி பள்ளிப்படை. இந்த 1,100 ரூபாயும் இந்த ஓரிடத்துக்குத்தான் என்று நான் சொல்லுவேன்.

வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வயல் பக்கமாக நடத்திக் கூட்டிப்போனார்கள். போய்ப் பார்த்தால் சின்னக் கோயில். ஊர்க்காரர்கள் கும்பிடுகிற எல்லைத் தெய்வக் கோயில்போலத்தான் தெரியும். ராஜாவைப் புதைத்த இடம் என்று யாராவது சொன்னால்தான் உண்டு. கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதிக்கு எடுத்த பள்ளிப்படை இது என்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் உதிரப்பட்டி, உதிரம் வடிந்த தோப்பு என்று பெயர்கள் வழங்குகின்றன. வழியில் எங்களைப் பார்த்த ஒரு பெரியவர், "சண்டை நடந்த எடம் பாக்க வந்தீங்களா? அங்கிட்டுப் பூராவும் அதுதான்" என்று கையை வயல் முழுக்க வீசிக் காட்டிவிட்டுப் போனார்.

அங்கே நிழலில் எங்களை உட்காரவைத்து, தம்பி ஒரு லேமினேட் அட்டையை எடுத்தார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உதயேந்திரத்தில் கிடைத்த செப்பேட்டில் இந்தப் போரைப் பற்றி வரும் பாட்டும் அதன் தமிழ்ப் பொருளும் அதில் இருந்தன. ஸ்ரீபுறம்பியத்தில் நடந்த பெரும்போரின் முகப்பில் பாண்டியன் வரகுணனை வென்று, அபராஜிதன், அதாவது வெல்லப்படாதவன் என்ற தன் நண்பனின் பெயரை மெய்யாக்கி, அதற்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்து வானுலகம் புகுந்தான் அந்த வீரன். இதுதான் செய்தி. ஒருமுறை வடமொழியில் படித்தார், ஒருமுறை தமிழில் சொன்னார். பிறகு எங்களைக் கேட்டார்: "இந்தப் பாட்டுல எத்தனை ராஜா வர்றாங்க?" கங்கன் பிருதிவீபதி, பாண்டியன் வரகுணன், பல்லவன் அபராஜிதன் என்று எண்ணினோம். "சோழன் எங்க?" என்றார்.

யாரும் பேசவில்லை. சோழர்களை அரசுகட்டிலில் மறுபடி ஏற்றிய போர் இது. சுமார் 880இல் நடந்தது. அதைச் சொல்லும் பாட்டில் சோழன் பெயரே கிடையாது! ஆதித்தன் பல்லவன் பக்கம் நின்றான் என்று வரலாற்றாசிரியர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள், அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் களத்தில் அவன் நாலாவது ஆள். வந்தவன் பாண்டியன், எதிர்த்தவன் பல்லவன், செத்தவன் கங்கன். எத்தனையோ வருடமாக இந்தப் பாடத்தை எடுத்துவருகிறேன். இதை இப்படி ஒரு கேள்வியில் எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை.

செப்பேட்டை வெளியிட்டது யார், எப்போது என்பதையும் விடாமல் சொன்னார். செத்தவனின் பேரன் இரண்டாம் பிருதிவீபதி. ஆதித்தன் மகன் பராந்தகனின் 15ஆம் ஆட்சியாண்டு. தாத்தா உயிரை விட்டு நாற்பது வருடத்துக்குப் பிறகு, சோழனுக்குக் கீழே இருந்துகொண்டு பேரன் தாத்தாவின் பெருமையைச் செம்பில் வெட்டிவைக்கிறான். பராந்தகனும் அந்தப் பேரனுக்கு வாணர் நாட்டின் தலைமையையும் செம்பியன் மாவலிவாணராயன் என்ற பட்டத்தையும் கொடுத்து வைத்திருந்தான். இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களோடு வந்த ஒரு பையன், நாவல் படித்துவிட்டு ஆசையோடு வந்தவன், "விஜயாலயன் ரெண்டு பேர் தோள்ல ஏறி வந்து சண்டை போட்டது இந்தப் பக்கமாண்ணா?" என்று கேட்டான். தம்பி அவன் மனம் நோகாமல் பதில் சொன்னதை நான் ரசித்துக் கேட்டேன். விஜயாலயன் உடம்பில் 96 விழுப்புண் என்பதை ஒட்டக்கூத்தர் விக்கிரமசோழன் உலாவில் பாடியிருக்கிறார். உலா பாடியது 12ஆம் நூற்றாண்டில், விஜயாலயன் இருந்தது 9ஆம் நூற்றாண்டில். தோளில் ஏறி இந்தக் களத்துக்கு வந்தான் என்பது கதைக்காரர்கள் சேர்த்தது. "கதையா ரசிங்க, நானும் ரசிச்சிருக்கேன். ஆனா இங்க நின்னு சொல்றப்போ செப்பேட்டுல இருக்கிறதைத்தான் நான் சொல்லணும்" என்றார். பையன் தலையாட்டிவிட்டு அந்த அட்டையை வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டான்.

இத்தனை நேர்மையாகப் பேசுகிற குழு, வேனில் ஏறும்போது கையில் கொடுத்த சிறு புத்தகத்தில் என்ன அச்சடித்திருக்கிறார்கள் தெரியுமா? அதே தோளேறிய கதையை, நடந்த வரலாறாக, படம் போட்டு! வழிகாட்டி சொன்னது பயணத்தோடு காற்றில் போய்விடும். புத்தகம்தான் வீட்டுக்கு வரும், அதைத்தான் பிள்ளைகள் படிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. போருக்கு வந்த படைகள் எவ்வளவு என்று ஓர் எண்ணிக்கையும் போட்டிருக்கிறார்கள், ஆதாரம் சொல்லவில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு உதயேந்திரம் பாட்டை அப்படியே போட்டாலே போதும். அதைவிடப் பெரிய படம் வேண்டாம்.

கொள்ளிடக் கரையில் மணல் விரிந்து கிடந்தது, தண்ணீர் ஓர் ஓரமாக ஓடியது. அங்கே நின்றுகொண்டுதான் போருக்குப் பின் கதையைச் சொன்னார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே பாராட்ட வேண்டும். தெற்கிலிருந்து வந்த வரகுணன் காவிரியைத் தாண்டி, கொள்ளிடத்துக்கு இத்தனை பக்கத்தில் வந்துவிட்டான் என்றால் அடுத்தது காஞ்சியைச் சுற்றிய பல்லவர் நாடான தொண்டைநாடுதான் என்பது அங்கே நின்றால் பிள்ளைகளுக்குக்கூடப் புரியும். 862இல் பட்டத்துக்கு வந்தவன் அவன். பழனிப் பக்கத்து ஐவர்மலைக் கல்வெட்டு அந்தக் கணக்கைத் துல்லியமாகத் தருகிறது. இங்கே தோற்றதோடு காவிரிக்கு வடக்கே கை நீட்டும் அந்தக் காலப் பாண்டியர் ஆசை முடிந்தது. ஜெயித்த பல்லவனும் தேறவில்லை. உதவிக்குப் பரிசாக ஆதித்தனுக்கு நிலம் கொடுத்தான், அந்த நிலத்தில் காலூன்றியே ஆதித்தன் வளர்ந்தான். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே அபராஜிதன் மேல் படையெடுத்தான். பல்லவன் இருந்த யானையின் மேல் பாய்ந்து அவனைக் கொன்றான் என்று வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்லுகிறது. தில்லைத்தானத்துக் கல்வெட்டில் ஆதித்தனைத் 'தொண்டைநாடு பாவின', அதாவது தொண்டைநாடு முழுக்கப் பரவிய, ராசகேசரி என்கிறார்கள்.

நண்பன் உயிரைக் கொடுத்து மெய்யாக்கிய அபராஜிதன் என்ற பெயரை, அன்று பக்கத்தில் நின்ற ஆதித்தனே பொய்யாக்கினான். இதை மழுப்பாமல் சொன்னதற்காக அந்தக் குழுவுக்கு என் நன்றி. சோழர் பெருமை பேசுகிற மேடைகளில் இந்த இடம் வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். சோழர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், அபராஜிதனுக்கும் சேர்த்து மனம் வருந்தாமல் இந்த வரலாற்றைப் படிக்கக்கூடாது என்று நினைப்பவள் நான். திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலில் அவன் காலத்துக் கல்வெட்டில் ஒரு தமிழ் வெண்பா இருக்கிறது, அவனே பாடியது. அதை இங்கே வாசித்திருக்கலாம். ஆதித்தனே கடைசியில் காளஹஸ்திப் பக்கம் தொண்டைமானாற்றூரில் இறந்துபோக, பராந்தகன் அங்கே அப்பாவுக்குப் பள்ளிப்படை எடுத்தான். அதையும் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பள்ளிப்படையிலிருந்து இன்னொன்றுக்குக் கதை முழுமையாகியிருக்கும். தம்பியிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

சாப்பாடு ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில். வாழை இலை, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, கொத்தவரங்காய்ப் பொரியல், வாழைப்பூ வடை, ரசம், கெட்டி மோர். ருசிக்குக் குறையே இல்லை. ஆனால் இலை போடும்போது மணி மூன்றாகப் போயிற்று. சர்க்கரை நோயாளிகள் கையில் பிஸ்கட்டாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பழையாறையை அவசரத்தில் கெடுத்துவிட்டார்கள். சோழர்கள் தாழ்ந்து கிடந்த காலத்திலும் விடாமல் இருந்த ஊர், பல்லவர் கையில் நந்திபுரம் என்று பெயர் பெற்ற ஊர். 8ஆம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் இங்கே முற்றுகையில் சிக்கிக்கொள்ள, தளபதி உதயசந்திரன் வந்து மீட்டிருக்கிறான். சொல்ல எவ்வளவு இருக்கிறது! சோமநாதர் கோயிலில் வெளிச்சம் குறையும் நேரத்தில் இறக்கிவிட்டு, கால் மணியில் ஏறச் சொன்னார்கள். தம்பிக்கும் தொண்டை கட்டிவிட்டது. ஒரு சின்ன மைக் வாங்கிக் கொடுக்கக்கூடாதா அந்தப் பிள்ளைக்கு?

பெண்களுக்கு இன்னொரு விஷயம். காலை டிபன் சாப்பிட்ட இடத்தை விட்டால் மதியச் சாப்பாட்டு வீடு வரைக்கும் கழிப்பறை கிடையாது. அம்மா மாதிரி வயதானவர்கள் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறார்கள். சுவாமிமலையில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் தீர்ந்தது. பங்குனி, சித்திரையில் போனால் மதிய வேளையில் பிரகாரக் கல் காலைச் சுடும், காலுறை கொண்டுபோங்கள். வேன் மட்டும் சுத்தமாக இருந்தது, டிரைவர் அண்ணன் பெரியவர்களைக் கைபிடித்து ஏற்றி இறக்கினார்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் ஆளுக்கு 500 ரூபாய்க்கு நடத்தித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தை மாதத்தில் வருகிறோம் என்று பேசிவைத்திருக்கிறேன், இரண்டு நிபந்தனையோடு: புத்தகத்தைத் திருத்த வேண்டும், திருப்புறம்பியத்துக்குக் காலை எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டுக்கும் சரி என்றிருக்கிறார்கள். நீங்கள் அதற்கு முன்னால் போவதாக இருந்தால், முன்பதிவு செய்யும்போதே எந்தக் கோயில் முதலில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்வெட்டியல் படித்த அந்தத் தம்பிதான் வருகிறாரா என்றும் கேளுங்கள். அவர் வராத ஞாயிறாக இருந்தால் வேறு தேதி வாங்கிக்கொள்வது நல்லது.